தொழுகை நேரச் செயலிக்குள் யார் யார் இருக்கிறார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை நமது மஹல்லா இளைஞர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஊருக்கென்று ஒரு செயலி செய்கிறார்களாம். தொழுகை நேரம், ஜனாஸா அறிவித்தல், பள்ளி நிர்வாகத்தின் அறிவித்தல், மத்ரஸா நேரசூசி எல்லாம் ஒரே இடத்தில். அல்ஹம்துலில்லாஹ், நல்ல முயற்சி. வந்ததோ ஒரு பிணக்கோடு. ஒருவர் 'ஃபிளட்டர்' என்கிறார். மற்றவர் 'ரியாக்ட் நேட்டிவ்' என்கிறார். மூன்றாமவர் என்னிடம் படித்த பிள்ளை. அவர் வேறொன்று சொன்னார்:

"சேர், ஒரு லைப்ரரி இருக்கு. அத உள்ளுக்குப் போட்டா மாசா மாசம் காசு தருவாங்களாம். அத அப்படியே பள்ளிக்குக் குடுத்துடலாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. முன்பு இதே மாதிரியான ஒரு லைப்ரரி வழியாக உலகத்தில் எத்தனையோ முஸ்லிம்களின் நடமாட்டம் விலைக்குப் போனது. அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கதையை மட்டும் தனியாகச் சொன்னால் பயம் மட்டும்தான் மிஞ்சும். இந்த லைப்ரரிகள் எப்படி வந்தன, எதற்கு உதவின, எங்கே கைவிட்டன என்று முதலில் இருந்து பார்த்தால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று நாமே நிறுத்துப் பார்க்கலாம். அதனால் இதை வரலாறாகவே எழுதுகிறேன். தொழினுட்பம் தெரியாத தாய்மாரும் பள்ளி நிர்வாகிகளும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

லைப்ரரி என்றால் என்ன?

கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. சஹனையும் கிடாரத்தையும் பந்தலையும் நாம் செய்வதில்லை. பள்ளியில் எடுப்போம், அல்லது வாடகைக் கடையில் எடுப்போம். சமையல் மட்டும் நம்முடையது.

செயலி செய்வதும் அப்படித்தான். இணையத்திலிருந்து தகவல் எடுப்பதற்கு, படத்தைத் திரையில் காட்டுவதற்கு, நாட்காட்டி வரைவதற்கு, அறிவித்தல் அனுப்புவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த செய்நிரல் துண்டுகள் இருக்கின்றன. அதை எடுத்து நமது செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். அதைத்தான் லைப்ரரி என்கிறார்கள். செயலி முழுவதற்குமே அத்திவாரமும் தூணும் போட்டுத் தருகிற பெரிய வகையும் உண்டு. ஃபிளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் அந்த வகை. ஒரு கம்பனி தன் சேவையைப் பயன்படுத்துவதற்கென்று பொதி செய்து கொடுப்பதை எஸ்.டி.கே. என்பார்கள்.

வாடகைக் கிடாரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கிடாரத்தை மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். லைப்ரரி செயலிக்குள்ளேயே குடியிருக்கும். "உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கலாமா?" என்று செயலி கேட்டு, நீங்கள் "ஆம்" என்று அழுத்தினால், அந்த அனுமதி உள்ளே இருக்கும் லைப்ரரிக்கும் சேர்த்துத்தான். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஒரே வேலையை நான்கு முறை செய்த காலம்

முதல் ஐபோன் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்தது. வெளியார் அதற்குச் செயலி எழுத அப்போது வழியில்லை. இணையப் பக்கமாகச் செய்துகொள்ளுங்கள் என்றுதான் அப்பிள் சொன்னது. பிறகு மனம் மாறி, 2008 ஜூலையில் 500 செயலிகளோடு அப் ஸ்டோரைத் திறந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் முதல் அன்ட்ரொய்ட் போன் வந்தது. ஐபோனுக்கு எழுதும் மொழி ஒப்ஜெக்டிவ்-சி, அன்ட்ரொய்டுக்கு ஜாவா. பிளக்பெரிக்கும் நொக்கியாவுக்கும் வேறு வேறு வழிகள். ஆகவே ஒரு சிறிய செயலியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமானால் ஒரே வேலையை நான்கு முறை செய்ய வேண்டும். பெரிய கம்பனிக்கு அது செலவு. நம்மைப் போன்ற சிறியவர்களுக்கோ கதவே அடைப்பு.

2008 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் செய்நிரலாளர்களின் ஒன்றுகூடல் ஒன்று நடந்தது. கனடாவின் வன்கூவரில் இருந்த நிடோபி என்ற சிறிய கம்பனியின் ஆட்கள் அங்கே ஒரு யோசனையோடு நின்றார்கள். எந்தப் போனிலும் இணைய உலாவி உண்டு. இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். அப்படியானால் பக்கத்தை எழுதி, அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றைப் போட்டால் அது செயலியாகிவிடும். கெமரா, முகவரிப் பட்டியல், இருப்பிடம் போன்றவற்றைத் தொட அந்த உறையில் ஒரு பாலத்தை வைத்துவிட்டால் போதும். அதுதான் 'போன்கேப்'.

2011 ஒக்டோபரில் அடோபி அந்தக் கம்பனியை வாங்குவதாக அறிவித்தது. ஆனால் மூல நிரலை நிடோபியின் ஆட்கள் அப்பாச்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அங்கே அதன் பெயர் 'கொர்டோவா'. கேட்டதும் நமக்கு குர்துபா ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பெயர் வந்தது, வன்கூவரில் அவர்களின் அலுவலகம் இருந்த தெருவின் பெயரிலிருந்து.

இந்த வழியின் பலவீனம் சீக்கிரமே தெரிந்தது. உறைக்குள் இருக்கும் இணையப் பக்கம் அன்றைய போன்களில் இழுத்து இழுத்து ஓடியது. பேஸ்புக்கும் இணையப் பக்கத்தை நம்பித்தான் தன் செயலியைச் செய்திருந்தது. 2012இல் ஐபோன் செயலியை அடியிலிருந்து திருப்பி எழுதியது. அந்த செப்டெம்பரில் மார்க் சக்கர்பேர்க் மேடையிலேயே அந்த வழியில் அளவுக்கு மீறிப் பந்தயம் கட்டியது தங்கள் மிகப் பெரிய பிழை என்று ஒப்புக்கொண்டார்.

போன்கேப்பின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஒக்டோபரில் அடோபி அதன் சேவையை மூடியது. கம்பனியின் கையில் இருந்த பெயர் போய்விட்டது. பொது அமைப்பிடம் ஒப்படைத்த கொர்டோவா அதன் பிறகும் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வக்பு சொத்துதான் ஞாபகம் வந்தது. உரிமையாளர் மாறலாம், கடை மூடலாம். வக்பு செய்தது நிற்கும். ஆனால் வக்பு சொத்துக்கும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையாளர் சபை வேண்டும் அல்லவா? அதையும் கீழே சொல்கிறேன்.

உதவி செய்து ஒதுங்கியவர்கள்

2011 பெப்ரவரியில் அன்ட்ரொய்ட் 3.0 வந்தபோது திரையின் மேல் விளிம்பில் அழகான பட்டை ஒன்று வந்தது. செயலியின் பெயர், தேடல், தெரிவுகள் எல்லாம் அதற்குள். ஆனால் மக்களின் கையில் இருந்ததோ பழைய 2.x போன்கள். கூகுள் பழைய போன்களுக்கு அந்தப் பட்டையைக் கொடுக்கவில்லை. ஜேக் வார்ட்டன் என்ற செய்நிரலாளர் 'அக்ஷன்பார் ஷெர்லொக்' என்ற லைப்ரரியை எழுதி இலவசமாகக் கொடுத்தார். பழைய போனிலும் புதிய பட்டை தெரிந்தது. உலகம் முழுவதும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2013இல் கூகுள் தானே அதற்கு ஒரு லைப்ரரியை வெளியிட்டது. இனி அதையே எடுங்கள் என்று சொல்லி ஷெர்லொக் ஒதுங்கிக்கொண்டது.

அவரே எழுதிய 'பட்டர் நைஃப்' என்ற இன்னொரு லைப்ரரியும் அப்படித்தான். திரையிலுள்ள பொத்தானையும் எழுத்தையும் செய்நிரலோடு கட்டுகிற அலுப்பான வேலையைக் குறைத்துக் கொடுத்தது. பிறகு கூகுளின் கருவியே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும், 2020இல் இது இனித் தேவையில்லை என்று அவரே அறிவித்தார்.

நல்ல லைப்ரரிக்கு இதை நான் உதாரணமாகச் சொல்வேன். அது ஒரு குறையை நிரப்புகிறது, குறை தீர்ந்ததும் வெளிப்படையாக விலகுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் தங்கள் செயலியைத் திறந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டியிருந்தது. இலவசமாக எடுத்ததற்கும் பராமரிப்புச் செலவு உண்டு.

நிறையும் உண்டு. பழைய அன்ட்ரொய்டில் ஒரு செயலியின் நிரல் கோப்புக்குள் 65,536 செயல் பெயர்களுக்கு மேல் அடங்காது. நாம் எழுதியது சில நூறாக இருந்தாலும், ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட லைப்ரரிகளின் கணக்கும் அதில்தான் சேரும். பலர் அந்த எல்லையில் போய் முட்டினார்கள். 2014இன் கடைசியில் கூகுள் தன்னுடைய பெரிய சேவை லைப்ரரியையே துண்டு துண்டாகப் பிரித்து, தேவையான துண்டை மட்டும் எடுங்கள் என்று கொடுத்தது. இன்று அந்த எல்லையைத் தாண்ட வழி இருக்கிறது. ஆனால் டேட்டா கார்ட் போட்டு, நினைவகம் நிறைந்த பழைய போனில் செயலியை இறக்குகிற நமது உம்மாமாருக்கு நிறை இன்றும் நிறைதான்.

விட்டுவிட்டுப் போனவர்கள்

2011இல் 'பார்ஸ்' என்றொரு சேவை ஆரம்பமானது. செயலிக்குப் பின்னால் தகவலைச் சேமிக்க, பயனாளர்களைப் பதிவு செய்ய, அறிவித்தல் அனுப்ப ஒரு சேர்வர் வேண்டும். அந்தத் தலையிடி முழுவதையும் பார்ஸ் எடுத்துக்கொண்டது. சில வரிகளை எழுதினால் போதும். 2013 ஏப்ரலில் பேஸ்புக் அதை வாங்கியது. அவ்வளவு பெரிய கம்பனி வாங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2016 ஜனவரி 28இல் மூடப்போவதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரி கடைசியில் மூடியும் விட்டார்கள். ஓராண்டு தவணை கொடுத்ததும், நிரலைப் பொதுவாக வெளியிட்டதும் அவர்கள் செய்த நல்ல காரியம். அந்த ஓராண்டுக்குள் வீடு மாறாதவர்களின் செயலி போனில் இருந்தும் உயிரில்லாமல் போனது.

2016 மார்ச் 22இல் நடந்தது இன்னும் விசித்திரமானது. 'லெஃப்ட்-பேட்' என்று ஒரு குட்டி லைப்ரரி. ஓர் எழுத்துச் சரத்தின் இடது பக்கம் இடைவெளி போடுவதுதான் அதன் வேலை. மொத்தம் 11 வரிகள். ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்த அதன் ஆசிரியர் அதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டியெழுப்ப முடியாமல் நின்றன. ரியாக்ட் நேட்டிவும் அதில் ஒன்று. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அதைத் திருப்பிப் போட்டார்கள். 11 வரிகளை நாமே எழுதியிருக்கலாமே என்று அன்று பலர் தலையில் கைவைத்தார்கள்.

ரியாக்ட் நேட்டிவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேஸ்புக் 2015 மார்ச்சில் அதைப் பொதுவாக வெளியிட்டது. போன்கேப் போல இணையப் பக்கத்தை உறைக்குள் வைக்காமல், ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் போனின் சொந்தப் பொத்தான்களையே கொண்டு திரையை வரைந்தது. அது பெரிய முன்னேற்றம். எயார்பிஎன்பி கம்பனி 2016 முதல் அதைப் பயன்படுத்தியது. 2018 ஜூனில், தாங்கள் அதை விட்டு விலகுவதாகக் காரணங்களோடு விரிவாக எழுதியது. இரண்டு வகைப் போனுக்கு வேலையைக் குறைக்கப் போய், இரண்டுக்குப் பதிலாக மூன்று இடங்களில் நிரலைப் பராமரிக்க வேண்டி வந்தது என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணம். ஆனால் வேறு எத்தனையோ பேருக்கு அதே கருவி இன்றும் நன்றாக உதவுகிறது. கருவியின் தரத்தோடு அதை எடுப்பவரின் ஆள்பலத்தையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டியிருக்கிறது.

மைக்ரோசொப்ட் 2016இல் வாங்கிய 'சாமரின்' 2024 மே 1ஆம் திகதியோடு ஆதரவை இழந்தது. கூகுளின் ஃபிளட்டர் 2018 டிசம்பரில்தான் 1.0 ஆனது. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். பெரிய கம்பனியின் பெயர் இருப்பதால் நிரந்தரம் என்று அர்த்தமில்லை.

உள்ளே இருந்துகொண்டு எடுத்தவர்கள்

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன கதைக்கு வருகிறேன்.

முதலில் கெட்ட எண்ணம் இல்லாத இரண்டு சம்பவங்கள். 'ஏஎஃப்நெட்வேர்க்கிங்' என்பது ஐபோன் செயலிகள் இணையத்தோடு பேசப் பரவலாக உதவிய லைப்ரரி. 2015இல் அதன் ஒரு பதிப்பில் புகுந்த பிழையால், மறுமுனையில் இருப்பது உண்மையான சேர்வர்தானா என்ற சோதனை நடக்காமல் போனது. அந்தப் பதிப்பை எடுத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயலிகளில், இடையில் ஒருவர் புகுந்து தகவலை வாசிக்க வழி திறந்து கிடந்தது. அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். புதுப்பிக்காமல் விட்டவர்களின் கதவு திறந்தபடியே இருந்தது.

2020 மே மாதமும் ஜூலை மாதமும் ஐபோன்களில் ஸ்பொட்டிஃபை, பின்ட்ரஸ்ட் போன்ற செயலிகள் திறந்த உடனேயே மூடிக்கொண்டன. அவர்கள் தங்கள் செயலியில் எதையும் மாற்றியிருக்கவில்லை. உள்ளே இருந்த பேஸ்புக் எஸ்.டி.கே. தன் சேர்வரிலிருந்து பெற்ற ஒரு மாற்றத்தைத் தாங்க முடியாமல் விழுந்தது. அது விழ, வீடும் விழுந்தது.

இப்போது எண்ணத்தோடு நடந்தது.

2020 நவம்பர் 16இல் வைஸ் செய்தி நிறுவனத்தின் 'மதர்போர்ட்' ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்கக் கம்பனி ஓர் எஸ்.டி.கே. கொடுக்கிறது. செயலி செய்பவர் அதை உள்ளே வைத்தால், பயனாளர்களின் எண்ணிக்கைக்கேற்ப அவருக்குப் பணம். அந்த எஸ்.டி.கே. போனின் இருப்பிடத்தை எடுத்து அனுப்பும். எக்ஸ்-மோட் அந்தத் தகவலை விற்கும். வாங்கியவர்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பனிகளும் இருந்தன. இருப்பிடம் எடுக்கப்பட்ட செயலிகளில் ஒன்று 'முஸ்லிம் ப்ரோ'. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும், உலகம் முழுவதும் 9 கோடிக்கு மேல் பதிவிறக்கப்பட்ட செயலி.

செய்தி வந்ததும் முஸ்லிம் ப்ரோ எக்ஸ்-மோட்டுடன் தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நீதி. டிசம்பரில் அப்பிளும் கூகுளும் அந்த எஸ்.டி.கே.யை நீக்காத செயலிகளுக்குத் தங்கள் கடையில் இடமில்லை என்று தவணை வைத்தன. 2024 ஜனவரியில், வணக்கத்தலங்கள், வைத்தியசாலைகள் போன்ற இடங்களுக்கு யார் போனார் என்று காட்டும் தகவலை விற்கக்கூடாது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்தக் கம்பனிக்கு உத்தரவிட்டது.

அதோடு முடியவில்லை. 2022 ஏப்ரலில் இன்னொரு செய்தி. 'மெஷர்மன்ட் சிஸ்டம்ஸ்' என்ற பெயரில் பனாமாவில் பதிவான ஒரு கம்பனியின் எஸ்.டி.கே., செயலி செய்பவர்களுக்குப் பணம் கொடுத்து உள்ளே நுழைந்திருந்தது. இரண்டு ஆய்வாளர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், துல்லியமான இருப்பிடம் வரை சில செயலிகளிலிருந்து அது சேகரித்திருந்தது. கூகுள் கடையிலிருந்து நீக்கிய செயலிகளில் வேக கெமரா எச்சரிக்கைச் செயலியும் இருந்தது. பாங்கு சொல்லும் செயலியும், அந்த ஆண்டு ரமழானின் பெயரைத் தாங்கிய கிப்லா திசைகாட்டியும் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் தொழுவதற்காக போனைத் திறக்கிறார். எந்தப் பள்ளியில், எந்த நேரத்தில், பிறகு எந்த வீட்டுக்குப் போனார் என்பது ஒரு கடையில் சரக்காகிறது. அந்தச் செயலியை எழுதிய செய்நிரலாளர் அதில் ஒரு வரிகூட உளவு பார்க்க எழுதியிருக்கத் தேவையில்லை. ஒரு லைப்ரரியை உள்ளே போட்டார், அவ்வளவுதான்.

நமது பிள்ளை சொன்ன அந்த லைப்ரரி எது என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் பணம் வாங்காமல் நமக்குப் பணம் தருகிறவர், யாரிடமோ எதையோ விற்றுத்தான் தருகிறார். அந்தச் சரக்கு என்ன என்று கேட்காமல் வாங்கும் பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்கலாமா என்பதை மௌலவிமார் சொல்லட்டும். வாங்கக் கூடாது என்பது இந்த ஆசிரியரின் பதில்.

அப்படியானால் நமது செயலி?

இவ்வளவையும் வாசித்துவிட்டு லைப்ரரியே வேண்டாம் என்று முடிவு செய்தால் அதுவும் பிழை. ஐபோனுக்கும் அன்ட்ரொய்டுக்கும் தனித்தனியாக எழுத நமது ஊரில் ஆள் இல்லை. உதவி இல்லாமல் இந்தச் செயலி வராது. ஆகவே ஒவ்வொன்றையும் எடுக்க முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த வேலை உண்மையில் நமக்குத் தேவையா, நாமே செய்ய முடியாதா? இதைப் பராமரிப்பது யார், அவர் போனால் நாம் என்ன செய்வோம்? இது எவ்வளவு நிறை? மக்களிடமிருந்து எதை எடுக்கிறது?

தொழுகை நேரத்தை எடுத்துக் கேட்டுப் பார்ப்போம். அதற்கு நல்ல இலவச லைப்ரரிகள் இருக்கின்றன. சூரியனின் கோணத்தை வைத்து நேரத்தைக் கணிக்கின்றன. மூல நிரலும் பொதுவானது. ஆனால் கணிப்பு முறையை நாம் தெரிவு செய்ய வேண்டும். சுபஹுக்கு உலக முஸ்லிம் லீக் முறையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை, எகிப்து முறையில் 19.5, வட அமெரிக்க முறையில் 15. நமது நாட்டில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 4 நிமிடம். 18 இருக்க வேண்டிய இடத்தில் 15ஐ விட்டுவிட்டால் சுபஹு 12 நிமிடம் பிந்திக் காட்டும். நோன்பு காலத்தில் அந்த 12 நிமிடமும் ஸஹர் முடிந்த பிறகு சாப்பிடுகிற 12 நிமிடம். அசர் நேரத்துக்கும் ஷாஃபி, ஹனஃபி என்று தெரிவு இருக்கிறது. தவறு லைப்ரரியில் இல்லை, கவனிக்காமல் விட்டவரில்தான் இருக்கும்.

ஆனால் நமக்கு அந்த லைப்ரரி தேவையா? ஒரே ஊர். பள்ளிச் சுவரில் உலமாக்கள் ஏற்றுக்கொண்ட நேர அட்டவணை தொங்குகிறது. 366 நாள், சூரிய உதயத்தோடு சேர்த்து நாளுக்கு 6 நேரம். மொத்தம் 2,196 எண்கள். ஒரு சின்னப் படத்தை விட நிறை குறைவு. இரண்டு பேர் இருந்து ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்தால், ஓரிரு நாளில் முடியும். இணையம் வேண்டாம், லைப்ரரி வேண்டாம். மிக முக்கியமாக, இருப்பிட அனுமதியே வேண்டாம்.

"அயலூர்காரர்களுக்கு ஜீபீஎஸ் வேண்டாமா சேர்?" என்று கேட்பார்கள். கிழக்குக் கரையில் நோன்பு திறந்து ஏறத்தாழ 7 நிமிடத்துக்குப் பிறகுதான் கொழும்பில் திறப்பார்கள். அது முழுத் தீவின் அகலத்துக்கு. ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போனால் 2 செக்கன்தான் வித்தியாசம். ஊரின் பெயரைப் பட்டியலில் தெரிவு செய்யச் சொன்னால் போதும். தொழுகை நேரம் சொல்ல, ஒருவர் எந்த வீட்டில் நிற்கிறார் என்று தெரிய வேண்டியதில்லை.

ஜனாஸா அறிவித்தல் வேறு விடயம். அது உடனே எல்லோருக்கும் போக வேண்டும். அதற்குப் பெரிய கம்பனியின் அறிவித்தல் சேவையைத்தான் பிடிக்க வேண்டும். பிடியுங்கள். ஆனால் அதோடு சேர்ந்து வரும் விளம்பரம், கண்காணிப்பு போன்ற துண்டுகளை எடுக்க வேண்டாம். அறிவித்தலை மட்டும் எடுங்கள். பார்ஸ் போல அதுவும் ஒரு நாள் மூடினால், பள்ளி ஒலிபெருக்கி எப்போதும் இருக்கிறது.

தமிழையும் மறக்க வேண்டாம். ஓர் ஆவணத்தை அச்சிடத்தக்க கோப்பாக மாற்றும் சில லைப்ரரிகளில், 'கொ' என்று எழுதினால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பரீட்சித்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டாம். முதல் நாளே 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' எல்லாம் எழுதிப் பாருங்கள்.

இனி அந்தப் பிணக்கு. ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? இரண்டும் இந்த வேலைக்குப் போதும். உங்களில் இரண்டு பேருக்காவது நன்றாகத் தெரிந்தது எதுவோ அதை எடுங்கள். ஒருவர் வெளிநாடு போனாலும் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் எத்தனையோ நல்ல காரியம் ஓர் ஆள் போனதோடு நின்றிருக்கிறது. அதைத்தான் மேலே நம்பிக்கையாளர் சபை என்று சொன்னேன். மூல நிரலையும் கடவுச்சொல்லையும் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்படையுங்கள். எந்தெந்த லைப்ரரி உள்ளே இருக்கிறது, அது எதைச் செய்கிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். யாரும் வந்து பார்க்கலாம், கேட்கலாம்.

நமது உம்மாமார், ராத்தாமார் இந்தச் செயலியை இறக்குவது அதன் தொழினுட்பத்தைப் பார்த்து அல்ல. அதில் பள்ளியின் பெயர் இருக்கிறது, அதனால் "ஆம்" என்று அழுத்துவார்கள். அந்த நம்பிக்கை அமானிதம். அதை வைத்துச் சம்பாதிக்க நமக்கு உரிமையில்லை.

வரும் வெள்ளி அசருக்குப் பிறகு பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கு வருகிறார்கள். அட்டவணையைத் தட்டச்சு செய்ய இன்னும் இரண்டு கைகள் தேவை. தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அனுப்பி வையுங்கள். தேநீர் என் பொறுப்பு.